சென்னை - 47

கடற்கரையிலிருந்து வரும் மின்ரயில் பரங்கிமலையைத் தாண்டியதும் பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஸ்டேஷன் பெயர்கள் வரிசையாகக் காதில் விழும். தினமும் கேட்பதால் யாரும் நின்று கேட்பதில்லை. தாங்கல் என்றால் சின்ன ஏரி. பல்லாவரத்தில் பல்லவர் குடைந்த குகை இருக்கிறது. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது ஓர் உப்பு. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துத் தோல் பதனிட்ட நாட்டில், குரோமிய உப்பால் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனி அங்கே இருந்தது.

அடுத்து எங்கள் ஸ்டேஷன், தாம்பரம் சானடோரியம்.

அம்மா அந்தப் பெயரை எழுத மாட்டார். அக்கா கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் அச்சகத்திலிருந்து வந்தபோது, முகவரியில் இருந்த 'சானடோரியம்' என்ற சொல்லை நீலப் பேனாவால் அழுத்தி அடித்தார். "மாப்பிள்ளை வீட்டு சனம் படிச்சா, டிபி ஆஸ்பத்திரிகிட்டயா குடியிருக்கீங்கன்னு கேட்கும்டா" என்றார். 'தாம்பரம், சென்னை - 47' என்று அச்சானது. மேற்குத் தாம்பரம் 45, கிழக்குத் தாம்பரம் 59. நாற்பத்தேழு என்றாலே சானடோரியம்தான். அது அம்மாவுக்கும் தெரியும்.

அந்தப் பேனாக் கோட்டை நான் வெகுநாள் நினைத்திருக்கிறேன். பிறருடைய நோயும் துயரமும் பெயராகிவிட்ட ஓர் ஊரில், அந்த நோய் இல்லாத நாம் எப்படிக் குடியிருப்பது? பெயரை மறைத்துக்கொண்டா, சொல்லிக்கொண்டா?

1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே சானடோரியத்தைத் தொடங்கியபோது காசநோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு இவைதான் வைத்தியம். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் இதே முறையில் நோயாளிகளைக் கவனித்தவர் அவர். 1937-இல் அரசு தாம்பரம் சானடோரியத்தை ஏற்றுக்கொண்டது. இருமுகிறவருக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்து, திண்ணைக்கு மேல் விடாத காலம் அது. அப்படி ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கட்டில் போட்டுக் கொடுத்த இடத்தின் பெயர்தான் எங்கள் ஸ்டேஷன் பலகையில் இருக்கிறது.

சானடோரியம் என்ற ஏற்பாட்டையே தேவையில்லாமல் செய்ததில் இதே சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம் 1959-இல் தன் முடிவுகளை வெளியிட்டது. ஏழைக் குடித்தனத்தில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. நல்ல காற்றைத் தேடி யாரும் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை என்று ஆயிற்று. பெயருக்கான காரணம் அப்போதே போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

போகாதது நல்லதுதான் என்று 1993-க்குப் பிறகு புரிந்தது. எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே பலரும் அஞ்சிய அந்த நாட்களில் இந்த ஆஸ்பத்திரி அவர்களைச் சேர்த்துக்கொண்டது. எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்தார்கள். அந்த வருஷங்களில் ஒரு காலை, என் வயதுடைய ஒருவர் பிளாட்பாரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை, பைக்குள் எக்ஸ்ரே உறை. "இது சானடோரியம்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். நாங்கள் மறைத்த சொல்லை அவர் வழியெல்லாம் விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் தீரவில்லை.

இப்போது காலையில் அதே பிளாட்பாரத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் சாப்பாட்டுப் பையோடு கூட்டமாக இறங்குகிறார்கள். சித்தா ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வழி கேட்கிறார்கள். சானடோரியம் என்றால் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் ஸ்டேஷன் என்பார்கள்.

போன தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் 'தாம்பரம் சானடோரியம்' என்று முழுசாகப் போட்டேன். அம்மாவுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தவரின் விரல் அந்தச் சொல்லில் வந்து நின்றது. நான் காத்திருந்தேன்.

"ஸ்டேஷன் பேரு போட்டுட்டியா? நல்லதுடா. வர்றவங்க தாம்பரத்துல இறங்கி அலைய வேணாம்" என்றார்.