மீறுவதற்கு ஓர் ஆள்

தானே ஓடும் காரை வேக வரம்பை மீற அனுமதிக்கலாமா என்ற கேள்வியைப் பொறியாளர்களும் போலீஸ்காரர்களும் தங்களுக்குள் பேசி முடித்துவிடப் பார்க்கிறார்கள். இதில் நமக்கென்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எனக்கு இது, மீறல் என்ற செயலுக்கு என்ன அர்த்தம் என்று கேட்பதாகத் தோன்றுகிறது. மீறலைப் பற்றி இத்தனை வருஷம் பேசிய ஒரு வட்டம் இதை ஒதுக்கிவிட முடியாது.

அனுமதிக்கலாம் என்பவர்களின் வாதத்தை முதலில் பார்த்துவிடுவோம். அது அற்பமானதல்ல. கூகுளின் கார்த் திட்டத்தில் தலைமை மென்பொருள் பொறியாளராக இருந்த டிமிட்ரி டோல்கோவ், தங்கள் கார் வரம்பைவிட மணிக்கு 10 மைல் வரை கூடுதலாகப் போகும்படி அமைக்கப்பட்டிருப்பதாக 2014இல் ராய்ட்டர்ஸிடம் சொன்னார். சுற்றிலும் எல்லாரும் விரையும்போது ஒரு வண்டி மட்டும் வரம்புக்குள் ஊர்ந்தால் அதுவே ஆபத்து என்பது அவர் சொன்ன காரணம். மறுவருஷம் நவம்பரில், கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரத்தில் அதே கூகுளின் கார் ஒன்றைப் போலீஸ் நிறுத்தியது. 35 மைல் சாலையில் 24 மைலில் போய், பின்னால் வண்டிகளைத் தேங்க வைத்துவிட்டது அது. அடக்கமும் பிறருக்குத் தொல்லையாகலாம் என்பதற்குப் பிரத்யட்ச சாட்சி.

மேலும், வரம்பு என்ற எண் வானத்திலிருந்து இறங்கியதில்லை. பிரிட்டனில் 1865ஆம் வருஷச் சட்டம் யந்திர வண்டிகளுக்கு நாட்டுப்புறத்தில் 4 மைல், ஊருக்குள் 2 மைல் என்று விதித்தது. முன்னால் ஒருவன் சிவப்புக் கொடியுடன் நடக்கவும் வேண்டும். 1896ஆம் வருஷச் சட்டம் 14 மைல் வரை இடம் கொடுத்தது. அமெரிக்கா 1974இல் நாடு முழுக்க 55 மைல் என்று கட்டியது முக்கியமாகப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கத்தான். 1995இல் அதைக் கைவிட்டது. மனிதர்கள் போட்ட எண், மனிதர்கள் அன்றாடம் தாண்டும் எண். யந்திரம் தாண்டினால் மட்டும் என்ன குடி முழுகிவிடும்?

மனிதன் வரம்பைத் தாண்டும்போது நடப்பது என்ன என்று யோசித்தால் வித்தியாசம் புலப்படுகிறது. அவன் பலகையைப் பார்க்கிறான். தெரிந்தே மிதிக்கிறான். பின்சீட்டில் ரத்தம் வழிய யாரோ கிடப்பது காரணமாக இருக்கலாம். வெறும் திமிராகவும் இருக்கலாம். எதுவானாலும் அந்த நிமிஷம் அந்தச் செயல் அவனுடையது. பிடிபட்டால் நிற்க வேண்டியவன் அவன். மோதினால் நொறுங்கும் தகரத்துக்குள் அவன் உடம்பும் இருக்கிறது. விதி தன் தலைக்கு மேல் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேதான் அவன் அதை மீறுகிறான்.

இப்போது டெஸ்லாவின் விவகாரத்தைப் பாருங்கள். 'நில்' பலகை உள்ள நாற்சந்தியில், சுற்றிலும் ஆளரவம் இல்லையென்றால், முழுக்க நிற்காமல் மணிக்கு 5.6 மைல் வேகம் வரையில் உருண்டு கடந்துவிட அதன் கார்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அமெரிக்க ஓட்டுநர்கள் தினசரி செய்கிற காரியந்தான். 2022 பிப்ரவரியில், அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்புத் துறை தலையிட்ட பிறகு, ஏறக்குறைய 54,000 கார்களிலிருந்து அந்த வசதியை நீக்க நேர்ந்தது. கார்களைப் பட்டறைக்கு வரவழைக்கவில்லை. தொலைவிலிருந்தே மென்பொருளை மாற்றினார்கள். எங்கோ ஓர் அறையில் ஒரு வரி மாறுகிறது, ஆயிரக்கணக்கான கார்களின் நடத்தை மாறுகிறது. இதற்கு மீறல் என்று பெயர் வைப்பது தவறு. இது சட்டம் இயற்றும் காரியம். சட்டசபைக்கு வராத, கெஜட்டில் ஏறாத, தெருவில் நடப்பவனிடம் ஒரு வார்த்தை கேட்காத சட்டம்.

அந்தத் தெருவில் நடப்பவனைத்தான் வாதத்தில் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக வளர்வது. 25 மைல் தெருவில் 35 மைலில் போனால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. பயணியின் இரண்டு நிமிஷ லாபத்துக்காக இந்த இரட்டிப்பை இன்னொருவன் எலும்பில் எழுதும் அதிகாரம் கம்பெனிக்கு எங்கிருந்து வந்தது?

எழுதியவனைக் கூப்பிட்டு நிறுத்தவும் வழியில்லை. 2025 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சான் புரூனோவில், கூடாத இடத்தில் திரும்பிய வேமோ கார் ஒன்றைப் போலீஸார் நிறுத்தினார்கள். ஓட்டுநர் இருக்கை காலி. அபராதச் சீட்டை எழுத ஓர் ஆள் இல்லாததால் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டுப் போனார்கள். கம்பெனிக்கே நோட்டீஸ் கொடுக்க வழிசெய்யும் சட்டத்தை அந்த மாநிலம் 2024இல் இயற்றி, 2026 ஜூலையை அமல் தேதியாகக் குறித்தது. நோட்டீஸ் போய்ச் சேரும். வெட்கம் போய்ச் சேர அங்கே ஆள் கிடையாது.

நம் தொழிலிலேயே இதற்கு ஒப்புமை உண்டு. யாப்பைக் கற்று, இந்த இடத்தில் இது என்னைப் பொய் சொல்லவைக்கிறது என்று உணர்ந்து உடைத்தவனின் வரிக்கு ஒரு நியாயம் இருந்தது. பின்னால் உடைப்பதே வாய்பாடாகி, வாக்கியத்தை மடித்து மடித்து அடுக்கினால் போதும் என்றானது. யந்திரத்துக்கு முன்கூட்டியே 10 மைல் எழுதிக் கொடுப்பது இந்த இரண்டாவது ரகம்.

வரம்புக்குள் ஓடினால் புண்ணியம் வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பியில், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை ஊபரின் சோதனைக் கார் மோதிக் கொன்றது. வரம்பு 45 மைல். கார் அதற்குள்தான் ஓடியது. விதிக்குப் பணிவதோடு பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை.

ஆனாலும் என் முடிவு, அனுமதிக்கக் கூடாது என்பதே. 65 என்ற பலகை பொய்யென்றால் பலகையை மாற்றுங்கள், எல்லாரும் பார்க்க, எல்லாருக்கும் சேர்த்து. அதுவரை விரையும் கூட்டத்தில் மெதுவாகப் போகும் கார் பின்னாலிருந்து இடிபடலாம். அந்த நஷ்டத்தைத் தெரிந்துதான் சொல்கிறேன். ஐரோப்பிய யூனியன் 2024 ஜூலையிலிருந்து புதுக் கார்கள் எல்லாவற்றிலும் வேக எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஓட்டுகிறவன் விரும்பினால் அதைத் தாண்டிப் போகலாம். மீறலை அங்கே மனிதனின் காலடியிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். ஓட்டுநரற்ற காரிலும் பயணி கை வைக்க ஒரு பொத்தான் இருக்கட்டும். அழுத்தியவன் பெயர் பதிவாகட்டும். ரத்தம் வழியும் மனிதனை மடியில் கிடத்தியிருப்பவன் அழுத்துவான், கோர்ட்டில் வந்து காரணமும் சொல்வான்.

ஆளே இல்லாமல் போகும் காருக்கு அவசரம் ஏது? அது ஓரமாகப் போகட்டும்.