சிறைப்பட்டோருக்கு நாம் பட்ட கடன்

சேலம் மத்திய சிறையின் மதிலைக் கடந்து செல்லும் நாம், உள்ளிருப்போரின் நோயை நமக்கு வரக்கூடிய ஆபத்தாகவே எண்ணிப் பழகிவிட்டோம். அவர்களால் நாம் பெற்ற நன்மையை எண்ணியதுண்டா?

1986இல் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி நிர்மலா, பாலியல் தொழிலின்பேரில் பிடிபட்டுச் சென்னைக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் குருதி சேகரித்தார். எதற்கான சோதனை என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆறு பேரிடம் எச்.ஐ.வி. கிருமி காணப்பட்டது, இந்தியாவில் அதுவே முதல் கண்டுபிடிப்பு. நாடு விழித்துக்கொண்டது. பின்னாளில் நாமக்கல் லாரி ஓட்டுநர்களிடையே நடந்த தடுப்புப் பணிக்கும் அதுவே வித்து. காப்பகத்தில் தொற்றுக் கண்ட பெண்களோ, தண்டனைக்காலம் முடிந்தும் விடுவிக்கப்படவில்லை. ஷியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்த பின்னரே, 1990இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் வழியே அவர்களுக்கு விடுதலை கிட்டியது.

ஆய்வு தீதன்று. நெரிசலான அறைகளில் காசநோய் விரைந்து பரவும்; அங்கே சோதனை நடத்தாமல் விடுவதும் அநீதியே. ஆயினும், சாவி பிறர் கையில் இருக்கும்போது ஒருவர் சொல்லும் 'சரி' எத்துணை உண்மையானது? எச்.ஐ.வி. சோதனைக்கு, விவரம் அறிந்து தரும் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். மறுத்தாலும் மருத்துவம் குறையாது என்ற உறுதி இருந்தால்தான் அவ்வொப்புதல் மெய்யாகும்.

சிறையிருப்போரைச் சந்திப்பது இரக்கச் செயல் என்று கற்றோம். அவர்களிடம் பட்ட கடனைத் தீர்ப்பதோ இரக்கமன்று, நீதி.