அண்டை வீட்டாரின் ஹக்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

தொழுகையின் பர்ளு எத்தனை என்று கேட்டால் நம் வீட்டுச் சிறுவர்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள். அண்டை வீட்டாரின் ஹக்கு என்ன என்று கேட்டால் பெரியவர்களே தயங்குகிறோம். ஆனால் திருமறையின் நிஸா அத்தியாயத்தில், தன்னையே வணங்க வேண்டும் என்று ஏவிய அதே ஆயத்தில், உறவான அண்டை வீட்டாருக்கும் உறவில்லாத அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யுமாறு அல்லாஹுத் தஆலா கட்டளையிடுகின்றான். ஜிப்ரீல் (அலை) அவர்கள் இதைப் பற்றி இடைவிடாது உபதேசித்துக் கொண்டிருந்தார்கள். அதனால், சொத்திலும் அண்டை வீட்டாருக்குப் பங்கு விதிக்கப்பட்டு விடுமோ என்றுகூட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். அவ்வளவு பெரிய ஹக்கு இது.

இந்த ஹக்கு மறக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு இன்றைய பிரிட்டன் ஒரு படிப்பினை. அந்நாட்டைக் குறை கூறுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. முதியோருக்கு அரசாங்கப் பென்ஷனை 1909 லேயே கொடுக்கத் தொடங்கிய நாடு அது. ஏழை, பணக்காரர் எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்று 1948 ஜூலை 5 ல் ஏற்பாடு செய்த நாடு அது. அப்படியிருந்தும் அங்கே ஒரு குறை தீரவில்லை. பேசுவதற்கு ஆளில்லாமல் இலட்சக்கணக்கானோர் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிறார்கள்.

ஜோ காக்ஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர் அம்மையார் இந்தத் தனிமையைப் பற்றி ஆராய ஒரு குழு அமைக்க முற்பட்டார். 2016 ஜூன் 16 ல் அவர் ஒரு வெறியனால் கொல்லப்பட்டார். அவர் தொடங்கிய பணியை அவருடைய சக உறுப்பினர்கள் 2017 ல் நிறைவேற்றினார்கள். அதன் பலனாக 2018 ஜனவரியில் பிரதமர் தெரசா மே, தனிமைப் பிரச்சினையைக் கவனிக்கும் பொறுப்பை ஓர் அமைச்சரிடம் ஒப்படைத்தார். நண்பரோடோ உறவினரோடோ ஒரு மாதத்துக்கும் மேலாக ஒரு வார்த்தை பேசாத முதியோர் சுமார் 2 இலட்சம் பேர் என்று அப்போது அரசாங்கமே அறிவித்தது.

அதற்குக் கண்ட பரிகாரத்தையும் கேளுங்கள். லிவர்பூல் முதலிய சில ஊர்களில், தபால் கொடுக்க வரும் தபால்காரரே தனித்திருப்பவரின் கதவைத் தட்டி நலம் விசாரிக்க ஏற்பாடாயிற்று. மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டரே நோயாளியை நாலு பேரோடு பழகும்படி அனுப்பிவைக்கவும் திட்டம் போட்டார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அண்டை வீட்டார் செய்யவேண்டியதைத் தபால்காரர் செய்யவேண்டி வந்ததே, அதை யோசியுங்கள்! பென்ஷனை அரசாங்கம் கொடுக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆளை அரசாங்கம் கொடுக்க முடியுமா?

"அது வெள்ளைக்காரன் நாட்டுச் சங்கதி, நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். நம் புதுச்சேரியை எண்ணிப் பாருங்கள். 1962 ஆகஸ்ட் 16 ல் பிரெஞ்சுக்காரர்களுடன் ஏற்பட்ட ஒப்பந்தம் அமுலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. அவற்றில் பல பிரான்சுக்குப் போயின. அங்கிருந்து இங்கிலாந்துக்குச் சென்றவர்களும் உண்டு. வளைகுடா நாடுகளுக்குப் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடிப் போவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் போன பின்பு நம் லாஸ்பேட்டை வீதிகளில் மாடி வீடு கட்டியிருக்கிறது. உள்ளே வயதான தாய் ஒருத்தி மட்டும் இருக்கிறாள். மாதாமாதம் பேங்குக்குப் பணம் வருகிறது. வாசல்படிக்கு ஸலாம் வருவதில்லை. ஜமாஅத்து சந்தா வாங்கப் போகும்போது மட்டுமே அந்தக் கதவு தட்டப்படுகிறது என்றால், பிரிட்டனைப் பார்த்து நாம் பெருமையடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

மதீனாவின் பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒரு பெண்மணி இருந்தார். சில நாட்கள் அவர் கண்ணில் படவில்லை. அவர் எங்கே என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். மவுத்தாகிவிட்டார், அடக்கம் செய்துவிட்டோம் என்று தோழர்கள் கூறினார்கள். தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்து கேட்டு, அவருடைய கபுருக்கே சென்று தொழுதார்கள். முழு உம்மத்தின் பாரத்தையும் சுமந்த நபியவர்களுக்கு, துடைப்பம் பிடித்த ஓர் ஏழையைக் காணவில்லை என்பது தெரிந்தது! நம் பள்ளியின் முதல் ஸஃப்பில் நாற்பது வருஷமாக நின்றவர் நாலு ஜும்ஆவாக வரவில்லை என்பது நமக்குத் தெரிகிறதா?

அண்டை வீடு என்பது எதுவரை? முன்னும் பின்னும், வலமும் இடமும் நாற்பது நாற்பது வீடுகள் என்று ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் விளக்கம் கூறியுள்ளார்கள். அந்த நாற்பதில் இந்துவும் கிறிஸ்தவரும் இருப்பார்களே என்றால், அவர்களுக்கும் ஹக்கு உண்டு. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுத்தபோது, பக்கத்திலிருந்த யூதருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

ஆகவே நாம் செய்யவேண்டியது கடினமானதல்ல. மஹல்லாவில் தனியாக வசிப்பவர்கள் யார் யார் என்று ஜமாஅத்தார் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். ஸுப்ஹு தொழுது திரும்பும் வாலிபர்கள் வாசலில் நின்று ஸலாம் சொல்லி, "மருந்து ஏதும் வாங்கவேண்டுமா?" என்று கேட்கட்டும். தனித்திருக்கும் பெண்களிடம் நம் வீட்டுப் பெண்கள் போய்வரட்டும். ஆணத்தில் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டியாவது அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடாமல் கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்கள். சொன்ன கதையையே அந்த அம்மா திரும்பச் சொன்னாலும் முதல்முறை கேட்பதைப் போலக் கேளுங்கள்.

கடல் கடந்திருக்கும் பிள்ளைகளே! நீங்கள் அனுப்பும் பணம் உங்கள் கடமையில் ஒரு பகுதிதான். தினமும் பெற்றோரின் குரலைக் கேளுங்கள். லீவு கிடைத்தால் முதலில் அவர்களிடம் வாருங்கள். ஜனாஸாவுக்கு விமானம் பிடித்து வருவதைவிட, ஹயாத்தோடு இருக்கும்போது வந்து காலடியில் உட்காருவது மேலானதல்லவா?

நம் அண்டை வீட்டாரின் ஹக்கை அறிந்து நிறைவேற்றும் தவ்பீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.