எல்லாருக்கும் திறந்த கதவு



உதவி வாங்குவது எப்போது சரி, எப்போது தப்பு? இந்தக் கேள்விக்கு எனக்கு ஓரளவு தெளிவு கொடுத்தது ஒரு சைக்கிள் பந்தயம்.

அதன் பெயர் டூர் டிவைட். ஜூன் மாதம் கனடாவின் பான்ஃப் நகரில் புறப்பட்டு, ராக்கி மலைத்தொடர் வழியாக, அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் உள்ள ஆன்டலோப் வெல்ஸ் வரை போகணும். 4,300 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பாலும் மண்ணும் கல்லுமான பாதை. கொலராடோவில் இண்டியானா கணவாய் 3,600 மீட்டரைத் தாண்டும். நம்ம கினபாலு உச்சியே 4,095 மீட்டர்தான்! தூங்கினாலும் கடிகாரம் நிற்காது. 2016-இல் மைக் ஹால் என்ற பிரிட்டிஷ்காரர் 14 நாளுக்குள் முடித்தார். கட்டணமும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை.

முக்கியமான விதி, உன்னை நீயே பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் உதவி வண்டி வராது. டயர் கிழிந்தால் நீயே ஊசி நூல் எடுத்துத் தைக்கணும். ஆனால் வழியில் கடையில் சாப்பாடு வாங்கலாம், மோட்டலில் அறை எடுக்கலாம், சைக்கிள் கடையில் பழுதும் பார்க்கலாம்.

"அப்புறம் எப்படி இதைத் தனியா ஓட்டுறதுன்னு சொல்றீங்க?" என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ரொட்டி சுட்டவர் ஒருவர், பாதை போட்டவர் இன்னொருவர். யாருமே முழுசா தனியாள் இல்லை.

ஆனால் விதி உதவியையே தடுக்கவில்லை. அந்த உதவி மற்றப் போட்டியாளர்களுக்கும் கிடைக்குமா என்றுதான் பார்க்கிறது. நியூ மெக்சிகோவின் பை டவுன் என்ற சின்ன ஊரில் டோஸ்டர் ஹவுஸ் என்று ஒரு வீடு. எந்த வழிப்போக்கரும் தங்கலாம், போட்டியாளரும் தங்கலாம். அதே ஊரில் உன் அண்ணன் சுடச்சுடச் சோறும் புது டயருமாகக் காத்திருந்தால், அது விதிமீறல். அண்ணன் பாசத்தில் குறை இல்லை. அது உனக்கு மட்டும் கிடைப்பதுதான் பிரச்சினை.

இதை நம்ம ஊரில் 'கேபிள்' என்கிறோம். மற்றவன் கேபிள் வைத்து வேலை வாங்கினால் அநியாயம் என்று கத்துகிறோம். நம்ம மாமா பேசி வாங்கிக் கொடுத்தால் மட்டும் அது அதிர்ஷ்டமா?

"அப்பா டியூஷன் பணம் கட்டினதும் கேபிளா?" என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாழ்க்கை முழுக்கப் பந்தயம் இல்லை. வீட்டில் அன்பு அன்பாகவே இருக்கட்டும். ஆனால் நேர்முகத் தேர்வு, உபகாரச் சம்பளம் என்று எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தி அளக்கும் இடத்தில், தனி வாசல் கூடாது.

இதற்கு விலை உண்டு. டூர் டிவைடில் செயற்கைக்கோள் கருவி ஆள் எங்கே என்று காட்டும். டயர் யார் கொடுத்தது என்று காட்டாது. அங்கே ஏமாற்றினாலும் கிடைப்பது வெறும் பெயர். இங்கே கேபிளை மறுத்தால் வேலையே கை நழுவலாம், வீட்டில் திட்டும் விழும். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஆனாலும் அடுத்த முறை ஒருவர், "நான் சொல்லி வைக்கிறேன்" என்றால், உடனே தலையாட்டாதீர்கள். உங்களோடு வரிசையில் நிற்கும், யாரையும் தெரியாத பிள்ளையை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அப்புறம் பதில் சொல்லுங்கள்.