சின்னஞ்சிறு மீனுக்கு நாம் பட்ட கடன்

மூன்று அல்லது நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு மீன். வெள்ளி நிற உடலில் தலை முதல் வால்வரை நீலக் கோடுகள். கங்கையும் பிரம்மபுத்திராவும் பாயும் நிலப்பரப்பின் ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் இயல்பாக வாழ்வது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் ஹாமில்டன், கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். வரிக்குதிரை மீன் என்று இன்று உலகம் இதை அழைக்கிறது. அழகுக்காகக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்பட்ட இம்மீன், இப்போது ஆய்வுக்கூடங்களில் மனிதரின் எலும்பு நோய்களைப் பற்றி நமக்குக் கற்றுத் தருகிறது.

கற்றுத் தருகிறது என்று சொல்லிவிடுவது நமக்கு எளிது. உண்மையில் அது எதையும் தரவில்லை. நாம்தாம் அதனிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். அவ்வாறு எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டா? உண்டெனில், அந்த உரிமையின் எல்லை எது?

முதலில் உண்மை நிலையை அறிந்துகொள்வோம். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1981-இல் வெளியிட்ட ஆய்வே இம்மீனை மரபியலின் வாயிலுக்குக் கொண்டுவந்தது. இதன் கரு தாயின் உடலுக்கு வெளியே, பளிங்குபோல் ஒளி ஊடுருவும் நிலையில் வளர்கிறது. எலும்பு உருவாவதை உயிருள்ள குஞ்சின் உடலிலேயே நுண்ணோக்கியால் காண முடிகிறது. இதன் மரபணுத் தொகுதி 2013-இல் முழுமையாக வெளியிடப்பட்டபோது, மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இம்மீனிடம் இணையான மரபணு உண்டு என்பது தெரியவந்தது.

பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய் ஒன்று உண்டு. அந்நோயுள்ள குழந்தையைத் தூக்கும்போதே எலும்பு முறியக்கூடும். அணைக்க நீளும் தாயின் கைகளே அஞ்சிப் பின்வாங்கும் கொடுமை அது. பெரும்பாலும் எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் மரபணுவில் நேரும் பிழையே அதற்குக் காரணம். அதே வகைப் பிழையைச் சுமந்த மீன் ஒன்றைப் பற்றி 2003-இல் ஆய்வாளர் எழுதினர். எலும்புகள் உருக்குலைந்து முறிவுகளோடு வாழ்ந்த அம்மீனுக்குச் சிவாவா என்று பெயரிட்டனர். வேறொரு நோய்க்குப் பயன்பட்டு வந்த மருந்து ஒன்று அம்மீனின் எலும்புக் குறையை ஓரளவு தணித்ததை இத்தாலியின் பாவியா நகர ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினர். முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் நோயிலும் இத்தகைய வெளிச்சம் கிடைத்தது: மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரின் ஓட்டம் தடைப்பட்டால் இம்மீனின் முதுகெலும்பு வளைகிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு உணர்த்தியது.

மீனில் கண்டதெல்லாம் மனிதருக்கு மருந்தாகிவிடாது என்பதும் உண்மை. நீரில் மிதக்கும் உடலின் எலும்பு, நிலத்தில் நிற்கும் நம் எலும்பைப்போல் பாரம் தாங்குவதில்லை. நம் எலும்பு மச்சையில் இரத்தம் உருவாகிறது. மீனுக்கோ சிறுநீரகத்தில் உருவாகிறது. எனவே இங்கே கிடைப்பது விடையன்று, விடையை நோக்கிய ஒரு படி.

அந்தப் படிக்கு விலை கொடுப்பது யார்? முறிந்த எலும்போடு பிறக்குமாறு ஓர் உயிரின் வழிமரபைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வளர்க்கிறோம். உணவுக்கு மீன் பிடிக்கிறோமே, இதிலென்ன புதுமை என்று சிலர் கேட்கலாம். உணவுக்காகப் பிடிப்பவன் மீனின் உயிரை எடுக்கிறான். அதன் வாழ்வை நோயாக வடிவமைப்பதில்லை. மேலும், ஒரு செயல் நமக்குப் பழகிப்போனது என்பதே அது சரியென்பதற்குச் சான்றாகாது.

மீனுக்கு வலிக்குமா என்ற ஐயமும் இனி நமக்குப் புகலிடமன்று. ஊறு விளைவிக்கும் தூண்டுதலை உணரும் நரம்பு முனைகள் டிரவுட் மீனுக்கு உண்டென 2003-இல் லின் ஸ்னெடனும் அவருடைய உடனாய்வாளரும் நிறுவினர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு நெறிமுறை, தானே இரை தேடத் தொடங்கிய மீன்குஞ்சுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கிறது. வரிக்குதிரை மீனுக்கு அது ஏறத்தாழ ஐந்தாம் நாள். நடைமுறைக்கு ஒரு கோடு தேவைதான். ஆனால் சட்டம் எண்ணத் தொடங்கும் நாளும் உயிர் மதிப்புப் பெறும் நாளும் ஒன்றே என்று நம் மனச்சான்று நம்பிவிடலாகாது.

அப்படியானால் இவ்வாய்வைக் கைவிட வேண்டுமா? நொறுங்கும் எலும்போடு படுத்திருக்கும் குழந்தையின் முன் நின்று அவ்வாறு சொல்ல எனக்குத் துணிவில்லை. அத்துணிவு நேர்மையானது என்றும் தோன்றவில்லை. மனித உயிரைக் காக்கவும் நோய் தீர்க்கவும் உதவுமாயின், நியாயமான வரம்புக்குள் விலங்குகளின்மீது ஆய்வு செய்யலாம் என்றும், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்றும் 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. அந்த இரண்டாம் பகுதியை விட்டுவிட்டு முதற்பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நம் வழக்கமாகிவிடக் கூடாது.

வரம்பு எது? ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் 1959-இல் மூன்று நெறிகளை வகுத்தனர்: வேறு வழியிருப்பின் விலங்கை விலக்குதல், இயன்றவரை எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். மீனின் நீரில் மயக்க மருந்து கலப்பது இம்மூன்றாம் நெறியின்பாற்பட்டது. ஆனால் வரிக்குதிரை மீனிடம் ஒரு சோதனை மறைந்திருக்கிறது. அது சிறியது, மலிவானது, ஒரே முறையில் நூற்றுக்கும் மேலான முட்டையிடுவது. எளிதில் கிடைப்பதை எண்ணிப் பார்க்காமல் செலவழிப்பது மனித இயல்பு. வாயில்லாச் சீவன் முறையிடப் போவதில்லை. எனவே கணக்குக் கேட்க வேண்டியது நம் மனச்சான்றே.

இம்மூன்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்க்கத் தோன்றுகிறது. நாம் பட்ட கடனை மீனிடம் திருப்பித் தர வழியில்லை. நோயுற்ற மனிதரிடம்தான் தர முடியும். அரிய எலும்பு நோயுற்றோர் எண்ணிக்கையில் குறைந்தவர்கள். அவர்களுக்காக மருந்து செய்வதில் ஆதாயம் குறைவு என்று வணிகம் கணக்கிடக்கூடும். மீனிடமிருந்து பெற்ற அறிவு ஆய்வேட்டின் பக்கங்களோடு நின்றுவிட்டாலோ, விலை கொடுக்க முடிந்த சிலருக்கு மட்டுமே எட்டினாலோ, அந்த உயிர் பட்ட துன்பத்துக்கு என்ன நியாயம் மிஞ்சும்? தேவைக்காகவே அதைத் துன்புறுத்தினோம் என்று சொன்ன நாம், அத்தேவை உடையவரை மறந்தால் நம் வாதம் அங்கேயே பொய்த்துவிடுகிறது.

ஆகவே இக்கேள்வி ஆய்வாளரை மட்டும் சேர்ந்ததன்று. மருந்துக் கடையில் நிற்கும் நம் ஒவ்வொருவரையும் சேர்ந்தது. நாம் உண்ணும் மாத்திரைக்குப் பின்னால் பெயரறியாத உயிர்கள் எத்தனையோ இருக்கலாம். அவற்றை எண்ணி மருந்தை மறுக்க வேண்டியதில்லை, நன்றியறிதலோடு உண்போம். அந்த நன்றி மெய்யானதாயின், வீணாக எவ்வுயிரையும் வருத்தாத கவனமாகவும், அதே மருந்து கிடைக்காத அயலாரைப் பற்றிய அக்கறையாகவும் அது நம் வாழ்வில் வெளிப்படும்.