தனி விமானமும் ஊருணியும்

மைசூருக்கு வரும் உறவினரை நாம் அரண்மனைக்கும் சாமுண்டி மலைக்கும் அழைத்துச் செல்வது வழக்கம். புகைவண்டி நிலையத்தை அடுத்துள்ள இரயில் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்வோர் சிலரே. 1979இல் அமைந்த அவ்விடத்தில், 1899ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாராணியின் தனிப்பெட்டி நிற்கிறது. சமையற் பகுதியும் உணவருந்தும் பகுதியும் கொண்ட ஊர்தி அது. சாளரத்தில் முகம் பதித்துப் பார்க்கும் பிள்ளைகள், "இவ்வளவும் ஒருவருக்கா?" என்று வியப்பார்கள்.

அரசியர் காலம் முடிந்தது. தனிப்பெட்டியின் காலம் முடியவில்லை. அது சிறகு முளைத்து வானேறிவிட்டது. பொருளுடையார் இன்று ஒரு சிறு விமானத்தை முழுமையாக வாடகைக்கு அமர்த்தி, கோவாவின் கடற்கரையில் இரண்டு நாள் களித்துத் திரும்பலாம். வரிசையில் நிற்க வேண்டுவதில்லை. அயலார் முகம் காண வேண்டுவதில்லை. இது தகுமா என்னும் வினா, நம் மணிவிழா நெருங்கும் வரை, பட்டிமன்றப் பொருளாகவே நமக்கு இருந்தது. பிறகு அது வீட்டிற்குள் வந்து அமர்ந்தது. வெளிநாட்டில் பணிபுரியும் மகன் தொலைபேசியில் சொன்னான்: "மண்டகள்ளியிலிருந்து கோவாவுக்குத் தனி விமானம் ஏற்பாடு செய்கிறேன் அப்பா. நீங்கள் முன்பதிவில்லாப் பெட்டியில் நின்று ஊருக்குப் போனதெல்லாம் போதும். அம்மாவின் முழங்காலையும் எண்ணிப் பாருங்கள்."

அன்பினால் வந்த சொல்லை எங்ஙனம் மறுப்பது? பணமும் அவன் நேர்மையாக ஈட்டியது. அவ்வாறு ஈட்டியதை விரும்பியவாறு செலவிடுவது குற்றமாகுமா? விமானியும் பொறியாளரும் அதனால் வாழ்கின்றனர். மாற்று உறுப்பை உரிய நேரத்தில் கொண்டு சேர்க்கவும் தனி விமானம் உதவுகிறது. வள்ளுவரும் செல்வத்தைப் பழித்தாரில்லை. ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் ஊருணி, பழமரம், மருந்துமரம் என்னும் மூன்று உவமைகளால் நல்ல செல்வனைச் சிறப்பிக்கவே செய்கிறார். ஆயினும் அம்மூன்றும், வருபவரை நீ யார் என்று வினவாதவை அல்லவா?

வானில் நடந்த இரு நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்தோம். நம் அண்டை மாவட்டமான ஹாசனின் கொரூரில் வளர்ந்த கேப்டன் கோபிநாத், 2003இல் குறைந்த கட்டண விமானச் சேவையைத் தொடங்கியவர். அவர் வாழ்வைத் தழுவிய 'சூரரைப் போற்று' படத்தின் பாடல் ஒன்றை 2020 பிப்ரவரியில் பறக்கும் விமானத்தில் வெளியிட்டபோது, அதுவரை விமானமே ஏறியிராத பள்ளிப் பிள்ளைகள் பலர் உடன் பறந்தனர். அடுத்த ஆண்டு மே மாதம், பெருந்தொற்று உச்சத்தில் இருந்த நாளில், மதுரையிலிருந்து வாடகைக்கு அமர்த்திய விமானத்தில் உறவினர் சூழ ஒரு திருமணம் நடந்தது. முகக்கவசமும் இடைவெளியும் காணாத அக்கூட்டத்தின் படங்கள் பரவ, அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. தரையில் உள்ளோர்க்குரிய கட்டுப்பாடு வானில் செல்வோர்க்கு இல்லை என்ற எண்ணம் அங்கே புகுந்துவிட்டது போலும். (மணமக்களை நாம் பழிக்கவில்லை; மணவீட்டார் மதியிழப்பது உலக இயல்பு.)

2024இல் வெளியான ஆய்வொன்று, 2019க்கும் 2023க்கும் இடையில் உலகில் தனியார் விமானங்கள் வெளியிடும் கரியமில வாயு 46 விழுக்காடு பெருகியதாகவும், அப்பயணங்களில் ஏறத்தாழப் பாதி 500 கிலோமீட்டருக்கும் குறைந்தவை என்றும் கூறுகிறது. பயணியை இறக்கிவிட்டு வெற்றிருக்கைகளுடன் திரும்பும் விமானங்களும் உண்டு. ஆனால், உண்மையைச் சொன்னால், நம்மைத் தடுத்தது புகைக் கணக்கன்று, இருக்கைக் கணக்கு.

விமானத்தில் எட்டு இருக்கைகள். ஓரிரவு தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தோம். பிள்ளைகள், மருமகள், பேரன் என எழுதி, நம் இருவரையும் சேர்த்தபோது இரண்டு இடங்களே எஞ்சின. தஞ்சையிலுள்ள தமக்கையா, தம்பியா? நாம் பெட்டியும் கையுமாக இவ்வூருக்கு வந்த நாளில், மண்டி மொகல்லாவில் ஆறு மாதம் வாடகை வாங்காமல் இடம் தந்த கன்னடக் குடும்பத்தை எந்த வரியில் எழுதுவது? புகைவண்டிப் பயணத்தில் இவ்வினா எழுந்ததே இல்லை. துணைவியார் தாளை வாங்கிப் பார்த்து, "எட்டுக்குக் கீழே கோடு போட்டுவிட்டீர்கள். ஒன்பதாமவரிடம் யார் போய்ச் சொல்வது?" என்றார்.

மகனுக்கு வருத்தந்தான். "இடம் போதாதென்றால் பெரிய விமானமாகப் பார்ப்போம்" என்றான். அதற்கும் ஒரு கடைசி இருக்கை உண்டே என்றோம், அவன் பேசவில்லை.

முடிவில் நாற்பத்து மூவர் தூத்துக்குடி விரைவு வண்டியில் ஏறித் திருச்செந்தூர்க் கடலுக்குச் சென்றோம். மண்டி மொகல்லாப் பாட்டி புளியோகரை கட்டி வந்திருந்தார். மகனுக்கு மேற்படுக்கை கிடைத்தது. நெடிய கால்கள் நடைவழியில் நீட்டிக்கொண்டிருக்க உறங்கினான். காலையில் மதுரையைக் கடந்தபோது, துணைவியார் படுக்கையினின்று எழ இயலாமல் கம்பியைப் பற்றியவாறு சற்று நேரம் நின்றார். அதைக் கண்ட மகன் நம்மிடம் மெல்லக் கேட்டான்: "இதற்கு என்ன சொல்கிறீர்கள் அப்பா?"

நாம் எழுந்து அவருக்குக் கைகொடுக்கப் போனோம்.