63 கண்ணிகள்

தை மாதக் காலை. குன்னூரில் பனி இன்னும் விலகவில்லை.

மடியில் ஒரு ஸ்வெட்டர். முதுகுப் பக்கம் முடிந்திருக்கிறது. முன்பக்கம் பாதி.

அம்மா விட்ட இடம்.

*

ஊசி சில்லென்றிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கைச்சூடு ஏறுகிறது.

*

அம்மாவின் நோட்டில் 64 என்றிருக்கிறது.
ஊசியில் எண்ணுகிறேன். 63.
மறுபடி எண்ணுகிறேன்.

63.

*

ஒரு பக்கம் வழவழப்பு. திருப்பினால் சின்னச் சின்ன மேடுகள்.
இரண்டும் ஒரே கண்ணி.

*

ஒரு வரிசை பின்னுகிறேன்.
அம்மாவின் வரிசைகள் இறுக்கம். என்னுடையது தளர்வு.
கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டைவிரலுக்குத் தெரிகிறது.

*

குரோஷாவில் ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். மற்றதெல்லாம் முடிந்து கிடக்கும்.

இதில் அத்தனையும் திறந்திருக்கின்றன. ஊசியை உருவினால் ஒவ்வொன்றாக இறங்கும்.

உருவவில்லை.

*

பிரித்த கம்பளி நூல் நேராக நிற்பதில்லை. கண்ணியாக இருந்த வளைவு அதில் அப்படியே இருக்கிறது.

நீரில் நனைத்துக் கனம் கட்டித் தொங்கவிட்டால் போய்விடும்.

கொடிக்கயிறு. ஈரச் சிட்டம். அடியில் கட்டிய பித்தளைச் செம்பு.
எனக்கு ஏழு வயது. சொட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

*

அயர்லாந்தின் மேற்கே ஒரு தீவு. 1904இல் மேடையேறிய ஜே. எம். சிங்கின் நாடகம். கடல் கொண்டுபோன ஒருவனின் காலுறை வீட்டுக்கு வருகிறது. பின்னிய தங்கை கண்ணிகளை எண்ணுகிறாள்.

பின்னும்போது நான்கு தவறியிருந்தன. இதிலும் அந்த நான்கு இல்லை.

அண்ணன்தான்.

*

மூச்சு வெளியே போகிறது. ஜன்னல் கண்ணாடியில் படிகிறது. மறைகிறது.

*

இதோ.

இடது ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி. ஒரு கண்ணி கழன்று ஏழு வரிசை இறங்கியிருக்கிறது. இறங்கிய வழியில் நூல்கள் ஏணிப்படிகளாய்க் குறுக்கே நிற்கின்றன.

அம்மா பார்த்திருப்பாளா.

அந்தக் கடைசி நாட்களில் கை நடுங்கும்.

*

குரோஷா ஊசியை உள்ளே விட்டு, ஒவ்வொரு படியாக இழுத்து, மேலே கொண்டுவந்துவிடலாம். ஒரு நிமிட வேலை. பிறகு எங்கே கழன்றது என்று யாருக்கும் தெரியாது.

எனக்கும்.

*

குரோஷா ஊசி கையில் இருக்கிறது.

வெளியே தேயிலைச் செடிகள் மெல்லத் தெரியத் தொடங்குகின்றன.

*

ஊசியைக் கீழே வைக்கிறேன்.

வளையலில் கோத்திருக்கும் ஊக்கைக் கழற்றுகிறேன். இறங்கிய கண்ணியில் மாட்டுகிறேன்.

இனி இறங்காது.

ஊசியில் 63. ஊக்கில் 1.